டெல்டாவில் மீட்புப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்கள் யார்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கும்பகோணம் பக்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்திலும் அரசலாற்றங்கரையிலுமாக நடக்கும் தன்னார்வ மீட்புப் பயிற்சிப் பள்ளியில் 12 நாள் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். பள்ளிக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவரப் போகிறார்கள். அதில் ஆசிரியர்களின் வரலாற்றை எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. தேடிப் பார்த்தால் உருப்படியான பதிவேடு எதுவும் கைக்கு வரவில்லை. "ஆரம்பத்திலிருந்து இங்கே பாடம் எடுத்தவர்கள் யார் யார், எங்கிருந்து வந்தார்கள்" என்று கேட்கிறீர்கள். கேட்பது பெயர்ப் பட்டியல்போல இருக்கிறது. ஆனால் நமக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் தீயணைப்புத் துறையில் 1991இல் தீயணைப்போராகச் சேர்ந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். வேலை முழுவதும் டெல்டா மாவட்டங்களில்தான். தன்னார்வலர்களுக்கு வகுப்பு எடுத்ததும் ஏறக்குறைய அத்தனை ஆண்டுகள். ஆறு, வாய்க்கால், குளம், கிணறு, தீ, இடிந்த கட்டடம், விழுந்த மரம் இவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கடலுக்குள் போய் மீட்பதைப் பற்றி நான் சொல்வதைவிட ஒரு நாகை மீனவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, டெல்டாவில் இந்த மாதிரிப் பயிற்சிக்கென்றே சம்பளம் கொடுத்து நிரந்தரமாக வைத்திருந்த ஆசிரியர் என்று யாரும் இருந்ததில்லை. பாடம் எடுத்த எல்லோரும் இரவல் ஆட்கள். வேறொரு வேலையில் இருந்துகொண்டு, பத்து நாளோ பதினைந்து நாளோ கடன் வாங்கப்பட்டு வந்தவர்கள். அதனால்தான் உங்களுக்குப் பதிவேடு கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயர் இருப்பது அவரவர் சொந்தத் துறையின் வருகைப் பதிவேட்டில். துறை எதிலும் இல்லாதவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் கடைசி வகை ஆட்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

"எங்கள் பள்ளி வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது" என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதைச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே மீட்பு வேலை இருந்தது, பள்ளி இருந்ததற்கு நான் ஆதாரம் பார்த்ததில்லை. அன்றைக்கு இந்த ஊர்களில் மீட்பு என்றாலே உடைப்பு அடைப்பதுதான். கொள்ளிடத்திலோ குடமுருட்டியிலோ கரை கரையும் இராத்திரியில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். சவுக்குக் கம்பு அடித்து, மூங்கில் தட்டி கட்டி, வைக்கோல் பிரியும் மண்ணும் கொட்டி அடைப்பார்கள். விருப்பப்பட்டுத்தான் எல்லோரும் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் மக்களில் உடல்வலுவுள்ள ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அது இடம் கொடுத்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் அப்படிக் கரையில் நின்றவர்கள் பெரும்பாலும் பண்ணையாட்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் திண்ணையில் இருந்தார், நிலமில்லாதவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். சவுக்குக் கம்பை எந்தச் சாய்வில் அடித்தால் நிற்கும் என்ற அறிவு அவர்கள் கையில் இருந்தது. இன்றைக்கும் மணல்மூட்டை அடுக்கும் பாடத்தை நாங்கள் எடுக்கும்போது, அந்தக் கைகளில் இருந்து வந்ததைத்தான் எடுக்கிறோம். மலரில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

முறையான பயிற்சி என்று பார்த்தால் அதன் வேர் நாக்பூரில் இருக்கிறது. 1957 ஏப்ரலில் அங்கே மத்திய அவசர நிவாரணப் பயிற்சி நிலையம் தொடங்கியது. வெள்ளம், புயல், பூகம்பம் போன்றவற்றுக்காகத்தான் அதைத் தொடங்கினார்கள். 1962 சீனப் போரும் 1965 பாகிஸ்தான் போரும் வந்து அதன் திசையை மாற்றிவிட்டன. குண்டு விழுந்தால் என்ன செய்வது என்பதே பெரிய பாடமானது. 1968இல் அதற்குத் தேசியக் குடிமைப் பாதுகாப்புக் கல்லூரி என்று பெயர் மாறியது. குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். நம் பக்கத்தில் ஊர்க்காவல் படைக்கான சட்டம் 1963இல் வந்தது. இந்த இரண்டு வழியாகத்தான் முதல் தலைமுறை ஆசிரியர்கள் வந்தார்கள்: ஓய்வு பெற்ற ராணுவ ஹவில்தார்கள், ஊர்க்காவல் படையில் சேர்ந்த பள்ளிக்கூட டிரில் வாத்தியார்கள், நாக்பூர் போய்ப் படித்து வந்த ஓரிரு அதிகாரிகள்.

நான் வேலைக்கு வந்தபோது அந்தத் தலைமுறையில் சிலர் இருந்தார்கள். எனக்கு முடிச்சு கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர். எட்டு முடிச்சு, போலைன் முடிச்சு, கிளவ் ஹிட்ச் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு போட வைப்பார். அதுவும் கையை வாளித் தண்ணீரில் முக்கி, விரல் விறைத்த பிறகு. அப்போது எனக்குக் கோபம் வரும். முதல்தடவையாக மார்கழி இராத்திரியில் கிணற்றுக்குள் ஒருவரை இறக்கியபோதுதான் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று புரிந்தது. இரண்டு மூங்கிலும் ஒரு ஜமுக்காளமும் இருந்தால் ஸ்டிரெச்சர், மூன்று கம்பும் ஒரு கப்பியும் இருந்தால் கிணற்றுக்கு மேலே முக்காலி. கையில் ஒன்றும் இல்லாத ஊரில் எப்படி வேலை செய்வது என்பதில் அந்தத் தலைமுறையை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் அவர்களுடைய பாடத்தில் ஒரு பழைய விஷயம் தங்கிவிட்டது. அதையும் மலரில் மறைக்காமல் எழுதுங்கள். மூழ்கியவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகை அழுத்தி, முழங்கையைத் தூக்கி மூச்சு வரவழைக்கும் முறையை அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஹோல்கர் நீல்சன் என்ற டென்மார்க் ராணுவ அதிகாரி 1932இல் வெளியிட்ட முறை அது. அந்தக் காலத்தில் பல நாடுகளில் அதுதான் பாடம். 1950களின் கடைசியில் வாயோடு வாய் வைத்து ஊதும் முறையும், 1960இல் மார்பை அழுத்தும் முறையும் வந்து அதைத் தள்ளிவிட்டன. நம் ஊர் வகுப்புகளில் அது போக இன்னும் முப்பது ஆண்டு பிடித்தது. பழைய கையேட்டை வைத்துப் படித்தவர் பழையதைத்தான் சொல்லிக்கொடுப்பார். அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆசிரியர் எங்கே, எந்த ஆண்டு படித்தார் என்பது ஒரு பிள்ளையின் உயிரைத் தொடும் விஷயம். இப்போதும் ஆற்றங்கரையில் குழந்தையைத் தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். இதனால் நேரம் போகிறது, வயிற்றில் இருப்பது தொண்டைக்கு வந்து அடைக்கிறது. மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. வாயில் ஊதிவிட்டு, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று போக வேண்டும். பொதுமக்களுக்கு மார்பு அழுத்தம் மட்டும் போதும் என்று சில வகுப்புகளில் சொல்கிறார்கள். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு அது சரி. தண்ணீரிலிருந்து எடுத்தவருக்கு ஊதத் தெரிந்தவர் கட்டாயம் ஊத வேண்டும்.

அடுத்த தலைமுறை நாங்கள், அதாவது தீயணைப்புத் துறைக்காரர்கள். எங்களை ஆசிரியர்களாக்கியது எந்த அரசாணையும் இல்லை, தொடர்ந்து வந்த துக்கங்கள்தான். 1992 பிப்ரவரி 18 மகாமகம். நான் வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. குளக்கரை நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் போனார்கள். அதுவரை எங்களுக்கெல்லாம் மீட்பு என்றால் கயிறும் ஏணியும்தான். கூட்டமே ஒரு வெள்ளம் மாதிரி அழுத்தும், நின்றபடியே மூச்சுத் திணறிச் சாவார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். அடுத்த மகாமகம் 2004 மார்ச்சில் வந்தபோது சாரணர், என்.எஸ்.எஸ். பிள்ளைகள், செஞ்சிலுவைச் சங்கத்தார் என்று வந்த தன்னார்வலர்களுக்குக் கூட்டத்துக்குள் எப்படி நிற்பது, எப்படி வழி பிரிப்பது என்று வகுப்பு எடுத்தோம். அது நல்லபடியாக முடிந்தது என்று பெருமூச்சு விட்டோம். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத என்னால் முடியாது. அதன் பிறகு பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பு எடுத்தோம். வாசல் எத்தனை, எந்தப் பக்கம் திறக்கும், கூரை என்ன, படிக்கட்டின் அகலம் என்ன என்று பார்ப்பதுதான் முதல் பாடம். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி. ஒரே ஆண்டில் மகாமகம், தீ, சுனாமி என்று மூன்று. 2004ஐ நீங்கள் உங்கள் வரலாற்றின் நடுக்கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் வகுப்பு எடுத்தவர்கள் வேறு, பின் எடுத்தவர்கள் வேறு.

சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் இறந்தார்கள். அந்த நாட்களில் நான் பார்த்தது இதுதான்: அரசாங்க ஆட்கள் வந்து சேருவதற்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள். ஜமாத்துக்காரர்கள், கோயில்காரர்கள், சர்ச்சுக்காரர்கள், ஆட்டோக்காரர்கள். அதற்குப் பிறகு 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது, 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. அதன் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில். அங்கிருந்து நாகைக்கு ஏறக்குறைய முன்னூறு கிலோமீட்டர் தூரம். அவர்கள் வந்து சேரும்வரை ஊரில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும் என்ற கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு கிராமம் கிராமமாகப் பேரிடர்க் குழுக்கள் அமைத்துப் பயிற்சி கொடுத்ததும், தொண்டு நிறுவனங்கள் வகுப்பு வைத்ததும் இந்தக் காலத்தில்தான். கடலோரத்துப் பல்நோக்கு மையங்கள் வகுப்பறைகளாயின.

அரக்கோணத்திலிருந்து வந்த ஆட்கள் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள். கான்கிரீட்டை வெட்டி ஆளை எடுப்பதில் அவர்களிடம் நான் மாணவன். ஆனால் அவர்களில் பலர் வெளிமாநிலத்தவர்கள், பேசுவது இந்தி. நாங்கள் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வோம். அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆற்றைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல் இருக்கும் இடத்தில் நம்மிடம் நாலு சொல் இருந்தது. சுழல் வேறு, இழுப்பு வேறு, மடு வேறு, கசம் வேறு. எந்தச் சொல்லைப் போட்டு மொழிபெயர்ப்பது என்று நான் திணறும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் படுகை ஊர்க்காரர் ஒருவர், "சார், இது எந்த இடத்துல?" என்று கேட்பார். அதுதான் சரியான கேள்வி.

இனி, நான் இத்தனை நாள் எழுத நினைத்து எழுதாமல் இருந்த ஒன்று. சுனாமிக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பயிற்சி முகாம். நடத்தியவர்கள் யார், எந்த ஆறு என்று சொல்லப்போவதில்லை. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் நீச்சல் குளத்தில் பழகியவர். தண்ணீரில் இறங்கிப் பழக ஒரு ரெகுலேட்டருக்குக் கீழே, அதாவது ஷட்டர் வைத்து ஆற்றுத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் மதகுக்குக் கீழே, இடம் தேர்ந்தெடுத்தார். பார்க்க அழகாக, அகலமாக, நுரையோடு இருந்தது. மேலே ஷட்டர் கொஞ்சம்தான் திறந்திருந்தது. மறுக்க வேண்டியவன் நான், மறுக்கவில்லை. இரண்டு பையன்கள் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கிவிட்டார்கள். அப்போது கரையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பொதுப்பணித் துறையின் லஸ்கர் அவர், ஷட்டர் ஏற்றி இறக்குபவர். "ஏறுங்கடா! தண்ணி திரும்பி வருது பாரு, கண்ணு தெரியல?" என்று கத்தினார். ஒருவன் உடனே ஏறிவிட்டான். இன்னொருவன் கரையை நோக்கி நீந்துகிறான், ஆனால் ஷட்டரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். லஸ்கர் எங்களைப் பார்க்கவே இல்லை. நேராக மேலே ஓடி ஷட்டரைச் சுற்றி இறக்கினார். தண்ணீர் தளர்ந்தது. கயிறு வீசி பையனை இழுத்தோம். உயிர் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவரை வற்புறுத்தி உட்கார வைத்து, எல்லோருக்கும் விளக்கச் சொன்னோம். ஷட்டருக்கு அடியிலிருந்து பாயும் தண்ணீரோ, தடுப்பணை மேலிருந்து விழும் தண்ணீரோ தரையோடு ஓடுகிறது. மேல்தண்ணீர் அந்தக் குழியை நிரப்பப் பின்னால் திரும்பி வருகிறது. அதில் மாட்டியவரை அது அணையை நோக்கி இழுத்து, அடியில் அமுக்கி, கொஞ்ச தூரத்தில் வெளியே தள்ளி, மறுபடி இழுக்கும். நுரையில் பாதி காற்று, அதனால் அதில் உடம்பு மிதக்காது. லைஃப் ஜாக்கெட்டும் முழுப் பலன் தராது. படகையும் உள்ளே இழுத்துவிடும். ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டுப் பாருங்கள், அது எந்த இடத்திலிருந்து திரும்புகிறதோ அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வராதீர்கள் என்றார். இந்தத் துரும்புச் சோதனை எந்தக் கையேட்டிலும் எங்களுக்கு வரவில்லை. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் போகப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் மூச்சைப் பிடித்து அடியோட்டத்தோடு வெளியே போக வேண்டும் என்று சொல்வார்கள். இது எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். போகாமல் இருப்பதும், போனால் ஷட்டர்காரரைக் கூப்பிடுவதும்தான் உறுதி.

அந்தக் கடைசி விஷயத்தை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். மலை ஆற்றில் பயிற்சி எடுத்து வருபவருக்கு இது தோன்றாது. நம் ஆறுகளுக்குக் கதவு இருக்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதிலிருந்து கடைமடை வரை ஒவ்வொரு ஆற்றிலும் தண்ணீரைக் குறைக்க ஒரு கை இருக்கிறது. ஆள் மூழ்கிய செய்தி வந்தால் நான் நிலையத்திலிருந்து வண்டியை எடுக்கச் சொல்லும் அதே நேரத்தில் மேலே இருக்கும் ரெகுலேட்டருக்கும் போன் செய்யச் சொல்வேன். தேடுவதற்கு அது செய்யும் உதவியை எந்த ரப்பர் படகும் செய்யாது. கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போகும்போது மட்டும் இது நடக்காது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் வந்து, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கத்து 9 ஷட்டர்களே இடிந்து போன ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் யாராலும் எதையும் அடைக்க முடியாது. நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களிலிருந்து ஆட்களைப் படகில் கரைசேர்ப்பது ஒன்றுதான் வழி.

அந்த லஸ்கர் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வகுப்புக்கு வந்தார். ஒரு நாளும் அவர் பெயர் பயிற்சியாளர் பட்டியலில் ஏறவில்லை. பயிற்சியாளர் என்றால் சான்றிதழ் வேண்டும், அவரிடம் இல்லை. சாப்பாடு உண்டு, பேருந்துக் காசு உண்டு, மதிப்பூதியம் கிடையாது. அவரைப் போலவே கொள்ளிடக்கரை ஓடக்காரர் ஒருவர். மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போனால் அடுத்த அடியில் எங்கே தலை முங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆடிப்பெருக்குக்கு வரும் வெளியூர்க்காரர்கள் சாவது அந்தக் குழிகளில்தான். மூழ்கி உடல் எடுப்பதில் பேர் பெற்ற இன்னொருவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். எத்தனை நாள் கழித்து, எந்த வளைவில், எந்த நாணல் புதரில் தேட வேண்டும் என்று அவர் கை காட்டினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இவர்கள் மூவரும் நான் பார்த்த ஆசிரியர்களில் முதல் வரிசை. உங்கள் பள்ளியிலும் இப்படி மூன்று பேர் கட்டாயம் இருந்திருப்பார்கள். சமையல்காரரைக் கேளுங்கள், யார் யாருக்குத் தினமும் சோறு போட்டார் என்று சொல்லுவார்.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். 2003இல்தான் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் இரண்டு பெண்கள் அதிகாரிகளாக வந்தார்கள். ஆற்றங்கரை வகுப்புகளில் பெண் ஆசிரியர் என்று நான் பார்த்தது அதற்கும் வெகு நாள் கழித்து. நாகையில் சுனாமியில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். மீன் வாங்கக் கரையில் காத்திருந்தார்கள், பலருக்கு நீச்சல் தெரியாது, புடவை காலைச் சுற்றியது, கையில் குழந்தை. இதைத் தெரிந்துகொண்டும் பல ஆண்டுகள் நாங்கள் பெண்களை முதலுதவி வகுப்பில் மட்டும் உட்கார வைத்தோம். அது எங்கள் தவறு. பிறகு மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா எழுந்து, "எங்களுக்கும் தண்ணில இறங்கச் சொல்லிக்குடுங்க சார்" என்று கேட்டதிலிருந்து மாறியது. காலி எண்ணெய்க் கேனையும் தண்ணீர்க் குடத்தையும் மூடி கட்டி மிதவையாக்குவது, புடவையை முறுக்கி முடிச்சுப் போட்டுக் கரையிலிருந்து வீசுவது இரண்டையும் எங்களைவிட நன்றாக அவரே சொல்லிக்கொடுப்பார். தண்ணீரில் இறங்கிக் காப்பாற்றுவது கடைசி வழிதான். முதலில் கம்பு நீட்டு, அப்புறம் எறி, அப்புறம் படகு, எதுவும் இல்லாவிட்டால்தான் இறங்கு. குடும்பத்தில் ஒருவர் மூழ்க, அவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போவது இந்த வரிசை தெரியாததால்.

2016இல், பேரிடர் மீட்புக்குத் தன்னார்வலர்களைப் பழக்கும் ஆப்த மித்ரா என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தது. முதலில் 25 மாநிலங்களில் 30 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு 200 பேர். பிறகு 350 மாவட்டங்கள், ஒரு லட்சம் பேர் என்று விரித்தார்கள். நீங்கள் எடுத்த 12 நாள் கணக்கு இதிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இந்தக் காலத்து ஆசிரியர்களைப் பற்றி ஆவணம் நிறைய இருக்கிறது, அதனால் சுருக்கமாக விடுகிறேன். ஒன்று மட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது தண்ணீர், ஊரில் கிடந்தது மரம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை எல்லாம் படுத்துவிட்டது. வளைந்து கிடக்கும் மரத்தில் இழுவிசை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அறுத்தால் அது தெறித்து நெஞ்சில் அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தை நடுவில் அறுத்தால் அடிமரம் மண்ணோடு சேர்ந்து நிமிர்ந்து நிற்கும், குழிக்குள் இருப்பவர் நசுங்குவார். இது எங்களில் பலருக்குத் தெரியாது. அதன் பிறகு மர அறுவைக்காரர்களைக் கூப்பிட்டுத்தான் அந்த வகுப்பை வைத்தோம். மறுபடியும் இரவல் ஆசிரியர்.

மலரில் எதைத் துணிந்து எழுதலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டங்கள், நிறுவனங்கள், புயல்களின் ஆண்டுகளை அப்படியே எழுதலாம். ஓர் ஆசிரியர் இத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று எண்ணிக்கை சொன்னால் போடாதீர்கள். கரையில் யாரும் எண்ணுவதில்லை. ஆண்டுகள் போகப் போக எண்ணிக்கை வளரும், அது அவருக்கே தெரியாமல் நடக்கும். "தமிழகத்திலேயே முதல் பள்ளி" என்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் நடந்த மீட்பை, கூட இருந்த இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் எழுதுங்கள்.

ஆவணம் தேடும்போது ஒரு சிக்கல் வரும். 1991 வரை எல்லாம் ஒரே தஞ்சாவூர் மாவட்டம். அந்த ஆண்டு நாகை பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. பழைய கோப்புகள் சில தஞ்சையில் தங்கின, சில புது மாவட்டங்களுக்குப் போயின, போன வழியில் நனைந்தவையும் உண்டு. ஆகவே கும்பகோணத்துப் பள்ளியின் ஆட்கள் பெயர் நாகையில் கிடைக்கலாம். ஊர்க்காவல் படை அலுவலகத்தில் படி வழங்கிய பட்டியலைக் கேளுங்கள். தீயணைப்பு நிலையங்களில் நிலைய நாட்குறிப்பு இருக்கும், யார் எந்தத் தேதியில் வகுப்பு எடுக்கப் போனார் என்று அதில் எழுதுவோம். சான்றிதழ்களின் கீழே கையெழுத்துப் போட்டவர் பாடம் எடுத்தவர் இல்லை, அதை வைத்து எழுதிவிடாதீர்கள். பழைய மாணவர்களிடம் குழுப் புகைப்படம் இருக்கும். நடுவில் நாற்காலியில் இருப்பவர்களை விட்டுவிட்டு, ஓரத்தில் சட்டை போடாமல் ஈரத் துண்டோடு நிற்பவர் யார் என்று கேளுங்கள்.

என்னிடம் 1994இலிருந்து எழுதிய மூன்று நோட்டு இருக்கிறது. வகுப்பு நடந்த இடம், வந்தவர்கள் எண்ணிக்கை, யார் என்ன பாடம் எடுத்தார் என்று குறித்திருக்கிறேன். எல்லா வகுப்பும் இல்லை, என் நிலையத்தைச் சுற்றி நடந்தவை மட்டும். படம் எடுத்து அனுப்புகிறேன். லஸ்கரின் பெயர் இரண்டாவது நோட்டில் பல பக்கங்களில் வரும். அவர் போய்விட்டார், மகன் இன்னும் அதே ரெகுலேட்டர் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். பெயரைப் போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓடக்காரர் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். காலையில் போனால் நன்றாகப் பேசுவார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒருநாள் வாருங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.